கமலா மாமி காலமான வெள்ளிக்கிழமை

என் மாமியை நான் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணியளவில் கொன்றேன். ஆயுதம் ஒரு கைத்தொலைபேசி. அதுவும் திரை வெடித்து, சார்ஜ் நிற்காத ஒன்று. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு இப்போது கூச்சமில்லை. செத்தவரே தினமும் காலையில் தேநீர் ஊற்றித் தரும்போது அதை ஞாபகப்படுத்திவிடுகிறார்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. கம்பஸ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். (தேடியது அப்பா. நான் முகநூலில் இருந்தேன்.) நாட்டில் எங்கே எது பிழையாகப் போனாலும் முதலில் கொதிப்பது நான்தான். குளிக்காமல் இரண்டு நாள் இருந்திருக்கிறேன். அநியாயம் ஒன்றுக்கு என் முகப்படத்தைச் சுற்றியுள்ள சட்டத்தின் நிறத்தை மாற்றாமல் ஒரு நாள் இருந்ததில்லை. காட்டை வெட்டினால் பச்சை, மீனவர் பிரச்சினைக்கு நீலம், எதற்கென்று மறந்துவிட்டால் கறுப்பு. எனது புரட்சி முழுவதும் வலது கைப் பெருவிரலில் நடந்தது.

அப்பாவுக்கு இது அறவே பிடிக்காது. கொழும்பில் முப்பது வருடம் வேலை செய்த அவரிடம் மூன்று சட்டங்கள் இருந்தன: கதவைச் சாத்து, மெல்லக் கதை, எதிலும் பேர் கொடுக்காதே. அதற்கு அவரிடம் காரணங்களும் இருந்தன. பெயர் ஒரு பட்டியலில் இருந்ததற்காக ஆட்கள் வீடு திரும்பாத காலத்தை அவர் பார்த்தவர். இன்றைக்கும் யாராவது கதவைத் தட்டினால் முதலில் சட்டைப் பையைத் தடவி அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். அவரைக் கேலி செய்ய எனக்கு உரிமையில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்கவும் எனக்கு மனமில்லை. எங்கள் வீட்டில் நடந்த சண்டை எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

"போனைத் தட்டினால் நாடு திருந்துமே?" என்பார்.

"கதவைச் சாத்தினால் திருந்தினதே?" என்பேன்.

இந்த இடத்தில் கமலா மாமி உள்ளே வருகிறார். அப்பாவின் மூத்த அக்கா. கல்யாணம் கட்டவில்லை. முப்பத்தைந்து வருடம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்று, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் எங்கள் மூன்றாம் மாடி பிளட்டில் எங்களுடன் இருந்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பதினொரு மணிக்கு வெளிக்கிட்டு, காலி வீதியைக் கடந்து, பாமன்கடையில் இருக்கும் தன் பழைய சிநேகிதி ரீச்சர் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போவார். நாலு மணிக்குத் திரும்பி வருவார். மாமியிடமும் ஒரு கைத்தொலைபேசி உண்டு. தான் யாருக்காவது எடுக்கும்போது மட்டும் அதைத் திறப்பார். மற்ற நேரம் திறந்து வைத்தால் பற்றரி வீணாகுமாம்.

எங்கள் ஒழுங்கை முகப்பில், காலி வீதியில், நடந்து போகிறவர்கள் வீதியைக் கடக்க ஒரு மஞ்சள் கடவை இருந்தது. (இப்போது வெள்ளையில்தான் கீறுகிறார்கள். ஆனாலும் எங்களுக்கு அது மஞ்சள் கோடுதான்.) யாரோ வந்து குழாய் பதிக்க வீதியைத் தோண்டினார்கள். பிறகு தார் ஊற்றி மூடினார்கள். கோட்டையும் சேர்த்து மூடிவிட்டுப் போய்விட்டார்கள். கோடு இருந்தபோதே பஸ்காரர் மனம் வந்தால்தான் நிறுத்துவார்கள். கோடும் இல்லையென்றால் கேட்கவா வேண்டும்? இரண்டாவது மாதம் ஒரு மோட்டார் சைக்கிளின் கைபிடி மாமியின் கைப்பையில் கொளுவி இழுத்து, மாமி விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

மாமி கட்டுப் போட்ட கையோடு மற்றக் கையால் மூன்று கடிதம் எழுதினார், அழகான சிங்களத்தில். ஒன்றுக்குப் பதில் வந்தது. விடயம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளதாம். நான் என் பங்குக்கு ஒரு இணைய மனு தொடங்கினேன். அதில் கையெழுத்திட்டவர்களில் பாதிப்பேர் அந்த வீதியைக் கண்டிராத வெளிநாட்டு ஒன்றுவிட்ட சகோதரங்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நம் சனம் எதை வாசிக்காவிட்டாலும் மரண அறிவித்தலை வாசிக்கும். ஆகவே மஞ்சள் கடவைக்கு ஒரு மரண அறிவித்தல். அடுத்த வெள்ளிக்கிழமை காலை என் சிநேகிதி றிஸ்வானா வீட்டில் இருந்து இரண்டு பேருமாகச் செய்தோம். அவள் எங்கள் பக்கத்து ஒழுங்கை. படங்கள் வடிவமைப்பதில் கெட்டிக்காரி. வாசகம் என்னுடையது:

"கொழும்பு வெள்ளவத்தையைப் பிறப்பிடமாகவும், காலி வீதியை வதிவிடமாகவும் கொண்ட மஞ்சள் கடவை அவர்கள் தார் ஊற்றப்பட்டுக் காலமானார். அன்னார் பாதசாரிகளின் பாசமிகு துணையும், பஸ் சாரதிகளின் பரம வைரியும் ஆவார். இறுதிக் கிரியைகள் இன்று மாலை நான்கு மணிக்கு எமது ஒழுங்கை முகப்பில் நடைபெறும். உற்றார், உறவினர், நண்பர்கள் வெள்ளை உடையில் வந்து கலந்துகொள்ளவும். தகவல்: குடும்பத்தினர்."

எழுதி முடித்து நானே மூன்று தரம் வாசித்து மூன்று தரமும் சிரித்தேன். படத்துக்கு, ஒழுங்கை முகப்பில் மாமி வீதியைக் கடக்கக் காத்து நிற்கும்போது நான் முன்னர் எடுத்த ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, சுற்றிவர மாலை போட்ட ஒரு சட்டத்துக்குள் றிஸ்வானா அதைப் போட்டாள். அந்தச் செயலி படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று தானே தேடிப் பிடித்து, மாமியை இடுப்பு வரை பெருப்பித்துவிட்டது.

"ஏய், கடவை எங்கடீ?" என்றாள் றிஸ்வானா. "ஒன்ட மாமி மட்டும்தானே ஈக்கிறா."

"அதுதான் வேணும். போராட்டத்துக்கு ஒரு மனித முகம் இருக்கோணும்" என்றேன். இணையத்தில் இரண்டு மணித்தியாலப் பயிற்சி வகுப்பு ஒன்றில் கற்றது. சான்றிதழும் வைத்திருந்தேன்.

"எனக்கென்டா சரியாப் படல்ல" என்றாள் அவள். நான் சான்றிதழ் உள்ள ஆள். அவள் பேச்சைக் கேட்பேனா? முகநூலில் போட்டேன். நாலு கண்டத்து ஆட்களும் இருக்கும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுமத்திலும் போட்டேன்.

நாலாவது நிமிடம் முதல் கருத்து வந்தது: "ஐயோ." அதற்கு நான் ஒரு சிவப்பு இதயம் போட்டேன். பிறகு மழைதான். ஆழ்ந்த இரங்கல், ஓம் சாந்தி, கைகூப்பிய பொம்மைகள், அழும் பொம்மைகள். எங்கள் சொந்தக்காரருக்கு இவ்வளவு அரசியல் நகைச்சுவை உணர்வு இருக்கிறதே, இவ்வளவு நாளும் இவர்களைத் தப்பாக அல்லவா நினைத்துவிட்டோம் என்று மனம் நெகிழ்ந்துபோனேன். ஒருவர் விடாமல் பதில் போட்டேன்.

"போன மாதம்தான் கதைச்சனான்" என்று எழுதியிருந்தார் ஒரு மாமா. வீதிக் கடவையோடு கதைத்தாராம்! எவ்வளவு உயர்ந்த கற்பனை! "உங்களைப் போல ஆக்கள்தான் வேணும், நாலு மணிக்குக் கட்டாயம் வாங்கோ" என்று எழுதினேன்.

"சுகமில்லாமல் இருந்தவவோ?" என்று கேட்டார் ஒரு அன்ரி.

"ஓம் அன்ரி, கனகாலமா. ஒருத்தரும் கவனிக்கேல்லை."

"அதுக்கேன் பிள்ளை இண்டைக்கே எடுக்கிறியள்?"

"இனியும் பொறுக்கேலாது அன்ரி."

இதையெல்லாம் நான் எழுதினேன். இந்தக் கையால். கொட்டாஞ்சேனைச் சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, ஏழு தரம் எனக்கு அழைத்திருந்தார். நான் எடுக்கவில்லை. வாழ்த்தத்தான் எடுக்கிறார், பிறகு ஆற அமரக் கதைக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மணிக்கு, வெள்ளை உடுப்பு மாற்றுவதற்காக வீட்டுக்குப் போனேன். அம்மா அந்த மாதம் மெல்பேணில், அக்காவின் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தார். வீட்டில் அப்பா மட்டும்தான். கதவு திறந்து கிடந்தது. எங்கள் வீட்டுக் கதவு திறந்து கிடந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. அப்பா நிலத்தில் இருந்தார். ஒரு காலில் சப்பாத்து, மற்றது கையில். தொலைபேசி ரிசீவர் மேசையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்காவை ரோட்டில அடிச்சுப்போட்டுது" என்றார்.

லண்டனில் இருக்கும் சின்ன மாமி, அப்பாவின் தங்கை, அழைத்து, "அக்கா போயிட்டா" என்று அழுதிருக்கிறார். மாமியின் கைத்தொலைபேசிக்கு எடுத்தால் அது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று குரல் வருகிறது. பாமன்கடை ரீச்சர் வீட்டு இலக்கமோ அந்தப் போனுக்குள்தான் இருக்கிறது. அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வெளிக்கிட்டு, எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாமல், பாதிச் சப்பாத்தோடு இருந்துவிட்டார்.

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. மாமாவின் கற்பனை, அன்ரியின் கேள்விகள், நான் போட்ட சிவப்பு இதயங்கள். நிலத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "அழி" என்றார். "இப்பவே அழி. இனி எதுவும் எழுதாதை."

விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போய்விட்டது. அப்போது ஒன்று மனதில் தைத்தது.

"அப்பா, மாமி எப்பிடிச் செத்தவ எண்டு சின்ன மாமி சொன்னவவோ?"

"இல்லை."

"பிறகேன் ரோட்டிலதான் எண்டு நினைச்சனீங்கள்?"

அப்பா கையில் இருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேற எங்க?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. முகநூலில் வரும் கோபம் அல்ல. மூன்று கடிதம் எழுதியும் ஒரு வாளி வண்ணம் வராத வீதியில், ஒருத்தி செத்துப்போனாள் என்றால் ஒருவருக்கும் சந்தேகம் வராத அளவுக்கு நாங்கள் பழகிவிட்டோம். "நான் அழிக்கமாட்டன்" என்றேன்.

"பொலிஸ் வந்து கேட்டால்?"

"வரட்டும். அதில பொய் ஒண்டும் இல்லை." (ஒரு முகத்தைத் தவிர.)

அழிக்காமல் ஒரு திருத்தம் போட்டேன்: "மாமி சுகமாக இருக்கிறா. செத்தது மஞ்சள் கடவை." அவசரத்தில் பழையதைப் பிரதி எடுத்து எழுதியதால் அதே படம், அதே மாலை, அதே குத்துவிளக்கு. அதற்கும் இரங்கல் வந்தது. "பாவம் பிள்ளை, அதிர்ச்சியில பிதற்றுது, ஆராவது பக்கத்தில இருங்கோ" என்று ஒருவர் எழுதியிருந்தார். சித்தப்பாவுக்கு எடுத்தால் அவர் போன் எந்நேரமும் என்கேஜ். அவர் ஊருக்கெல்லாம் செய்தி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அப்பாவோ நான் சொன்னதைப் பாதிதான் நம்பினார். "கண்ணால காணாமல் நான் நம்பமாட்டன்" என்று மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு என்னோடு இறங்கி வந்தார்.

நாலு மணி. "வருவேன்" என்று அழுத்திய என் முகநூல் தோழர்கள் எண்பத்தேழு பேர். வந்தவள் றிஸ்வானா. மற்றவர்கள் வழியில் ட்ரஃபிக் என்றார்கள். ஒருத்தி ஆன்ம பலம் அனுப்பியிருந்தாள். ஆனால் ஒழுங்கை முகப்பு வெறுமையாக இருக்கவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்தும் தெகிவளையிலிருந்தும் இரத்மலானையிலிருந்தும் வந்த பதினொரு சொந்தக்காரர், தும்பை வெள்ளையில் நின்றார்கள். நடுவில் சித்தப்பா, வேட்டியோடு, வண்டிச் சில்லு அளவு மலர்வளையம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு. அதன் பட்டியில் "எங்கள் கமலா அக்காவுக்கு" என்று எழுதியிருந்தது. என்னைக் கண்டதும், "எங்க பிள்ளை வைச்சிருக்கிறியள்?" என்று விம்மினார்.

நான் வாயைத் திறக்க முதல், எதிர்ப்பக்கத்தில் ஒரு த்ரீவீல் வந்து நின்றது. அதிலிருந்து குடையோடும் ஒரு பை பலாச்சுளையோடும் கமலா மாமி இறங்கினார்.

அப்பா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று நெளிந்தது. சித்தப்பா மலர்வளையத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மாமி எங்களைப் பார்த்தார்; வெள்ளை உடுப்புகளைப் பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து, வகுப்பின் கடைசி வாங்கு வரை கேட்கும் குரலில் கத்தினார்:

"தம்பி! ஆர் செத்தது?"

சித்தப்பா விரலை நீட்டி மாமியைக் காட்டினார். மாமி திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார்.

பிறகு எங்களிடம் வர ஒரு அடி வைத்தார். ஒரு பஸ் வந்தது, பின்வாங்கினார். மீண்டும் வைத்தார், ஒரு வான். மூன்றாவது தரம் நடுவீதியை நெருங்கும்போது ஒரு மோட்டார் சைக்கிள் ஊதிக்கொண்டு உரசிப் போனது. மாமி முறிந்த கையை மார்போடு பிடித்தபடி ஓடித் திரும்பினார். எங்கள் பக்கத்தில் அழுகை நின்றுவிட்டது. இறந்தவர் உயிரோடு வந்துவிட்டார், ஆனால் எந்த நேரமும் உண்மையிலேயே போய்விடலாம் என்ற நிலையில், எல்லோரும் மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

சந்தியில் நின்ற பொலிஸ்காரர் அப்போதுதான் எங்களைக் கவனித்தார். வெள்ளை உடுப்பு, மலர்வளையம். நம் நாட்டில் மூன்று கடிதத்துக்கு நிற்காத வாகனம் ஒரு மலர்வளையத்துக்கு நிற்கும். விசிலை ஊதிக்கொண்டு வீதிக்கு நடுவே வந்து இரண்டு கையையும் நீட்டினார். காலி வீதி நின்றது. மாமி அந்தப் பக்கத்திலிருந்தும் நாங்கள் இந்தப் பக்கத்திலிருந்தும் நடந்து நடுவில் சந்தித்தோம். அப்பா மாமியின் தோளைத் தொட்டுப் பார்த்தார். மாமி மலர்வளையத்தின் பட்டியை வாசித்தார்.

பொலிஸ்காரர் மரியாதையாகக் குரலைத் தாழ்த்தி மாமியிடம் கேட்டார்: "கவுத நெதி உனே, அம்மே?" யார் தவறியது என்று.

"மம தமய், மஹத்தயா" என்றார் மாமி. நான்தான் ஐயா.

பொலிஸ்காரர் மாமியைப் பார்த்தார். பிறகு றிஸ்வானா பெரிதாக அச்சடித்துத் தூக்கிப் பிடித்திருந்த படத்தைப் பார்த்தார். மாலைக்குள் அதே முகம். தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"ஆர் செய்த வேலை இது?" என்று மாமி கேட்டதும் சொந்தம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. மாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நடுவீதியில் நின்று, றிஸ்வானாவின் தட்டியில் இருந்த அறிவித்தலை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்தார். அந்த அறிவித்தலை முழுதாக வாசித்த முதல் ஆள் அவர்தான். பின்னால் பஸ்கள் வரிசையாக நின்றன. ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. செத்த வீடல்லவா?

"விசயம் சரி" என்றார் கடைசியில். "ஆனால் உனக்கு வேற படமே கிடைக்கேல்லையே? ஹவுஸ்கோட்டோட, தலை வாரி இழுக்காமல், கட்டுப்போட்ட கையில முருங்கைக்காய். இதுவே என்ர கடைசிப் படம்?"

பிறகு சித்தப்பாவிடமிருந்து தன் மலர்வளையத்தை வாங்கி, முன்பு கோடு இருந்த இடத்தில், தாரில் வைத்தார். எங்கள் பக்கம் திரும்பினார். "வந்தனீங்கள் தானே? வெள்ளையும் உடுத்தாச்சு. எல்லாரும் ஒருக்கால் கடவுங்கோ. அவங்கள் பாக்கட்டும்."

கடந்தோம். போய், திரும்பி வந்து, மாமிக்குப் போதாமல் இன்னொரு தரம் போனோம். எந்தக் கடதாசியிலும் பேர் கொடுக்காத என் அப்பா, காலி வீதியின் நடுவில், எல்லோரும் பார்க்க, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கதவுகள் இல்லாத இடத்தில் அவர் அவ்வளவு நிமிர்ந்து நின்றதை நான் பார்த்ததில்லை. ஒரு பஸ் கொண்டக்டர் மாமியைப் பார்த்துக் கைகூப்பினார். மூன்றாவது தரம் திரும்பும்போது பொலிஸ்காரர், "ஹரி அம்மே, தென் கெதர யன்ன" என்று கெஞ்சினார். போதும், இனி வீட்டுக்குப் போங்கள் என்று.

இந்தச் சரித்திர நிகழ்வின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. காலை முழுவதும் இரங்கலுக்கு இதயம் போட்டதில் என் போனின் பற்றரி செத்திருந்தது. பஸ்ஸில் இருந்த யாரோ எடுத்துப் போட்ட காணொளிதான் ஊரெல்லாம் சுற்றியது. அதில் இரண்டு வினாடி நான் வருகிறேன், ஓரத்தில், வாயைப் பிளந்தபடி.

அன்று மாலை மாமி தன் இரங்கல்களை எல்லாம் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, ஒரு கொப்பியில் மூன்று நிரல் போட்டு எழுதினார்: வந்த ஆக்கள், போன் எடுத்த ஆக்கள், கைகூப்பின பொம்மை போட்ட ஆக்கள். மூன்றாவது நிரல் அடுத்த பக்கத்துக்கும் போனது. "உன்ர எண்பத்தேழு பேரும் என்ர இந்த ஆக்களும் ஒண்டுதான் பிள்ளை" என்றார். எனக்கு வாசகத்துக்கு நல்ல புள்ளி கொடுத்தார். படத்துக்குப் பூச்சியம்.

மூன்றாம் வாரம் ஒரு காலையில் ஆட்கள் வந்து கோடு கீறினார்கள். வழமையான பராமரிப்பு வேலை என்று சொன்னார்களாம். அப்படியே இருக்கட்டும். போனைத் தட்டினால் கோடு வருமா என்று இப்போது யாரும் எங்கள் வீட்டில் கேட்பதில்லை. வரும், என்ன, இடையில் ஒருவர் சாகவேண்டி இருக்கும். சில மாதத்துக்குப் பிறகு, அப்பா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மெல்லிய குரலில், ஒழுங்கை விளக்குக்கான மனுவில் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று கேட்டார். முழுப்பெயரையும் போட்டார்.

மாமி இன்னமும் அதே இடத்தில்தான் வீதியைக் கடக்கிறார். பஸ் நிற்கப் பிந்தினால், "செத்தவள் போறன், வழி விடுங்கோ" என்று குடையை நீட்டுவார். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் சித்தப்பா திவசத்துக்கென்று வடையோடு வருகிறார். மாமி தன் படத்துக்கு முன்னால் இருந்து மூன்று வடை சாப்பிடுவார்.

போன கிழமை நான் வேலையால் வந்தபோது மாமி கூடத்தில் இருந்தார். நீலப் பட்டுச்சேலை, தலையில் மல்லிகைப்பூ, கழுத்தில் நல்ல சங்கிலி. கல்யாண வீடு எங்கே என்று கேட்டேன்.

"கல்யாணமும் இல்லை ஒண்டும் இல்லை. கோடு பாதி அழிஞ்சுபோச்சு, பாக்கேல்லையே?" என்றார். முகத்தை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டார். "போனை எடு. இந்த முறையாவது வடிவா ஒரு படம் எடு."